சீஸ் கலந்த கீஷ் ஓடு அடியில் வேகாமல் நிற்கிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் லொரேன் பகுதியில் பெயர்பெற்ற கீஷை (மாவால் செய்த ஓட்டில் முட்டை, பால் கலவையை ஊற்றி அடுப்பில் வேகவைக்கும் பண்டம்), இறைச்சி சேர்க்காமல் காய்கறிகளுடன் வீட்டில் செய்ய இருமுறை முயன்று, இரண்டிலும் தோற்றுவிட்டேன்.

200 கிராம் மைதாவில் குளிர்ந்த வெண்ணெய் 100 கிராமும் துருவிய செடார் சீஸ் 60 கிராமும் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அரைமணி நேரம் குளிரவைத்த பிறகே 23 சென்டிமீட்டர் தட்டில் பரப்பினேன். பின்னர் காகிதம் விரித்து, அதன்மேல் காராமணியைப் பாரமாகக் கொட்டி, 190 டிகிரியில் 15 நிமிடம் வெறும் ஓட்டை மட்டும் வேகவைத்தேன். சீஸ் இருப்பதால் ஓரங்கள் விரைவில் சிவந்துவிட, பயந்துபோய்ச் சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டேன். அதுதான் பிழையோ என்று இப்போது ஐயப்படுகிறேன். உள்ளீடு 3 முட்டை, 300 மில்லி பாலும் கிரீமும், வதக்கிய காளான், பசலைக்கீரை. கீரையைப் பிழிந்தேன், காளானை, உண்மையைச் சொன்னால், நீர் முழுவதும் வற்றும்வரை வதக்கவில்லை. வெட்டிப் பார்த்தபோது அடிப்பகுதி களியாக இருந்தது.

இரண்டாம் முறை 160 டிகிரிக்குக் குறைத்ததில், வெண்ணெய் உருகி ஓரங்கள் சரிந்துவிட்டன. சுவையில் மட்டும் குறையில்லை.

ஓரங்களை அலுமினியத் தாளால் மூடிவிட்டு, பாரத்தை எடுத்தபின் வெள்ளைக்கரு பூசி மேலும் சில நிமிடங்கள் வேகவைத்தால் ஈரம் இறங்காமல் இருக்குமா? செடாருக்குப் பதிலாக ஈரம் குறைந்த பார்மெசான் சேர்ப்பதாயின், வெண்ணெயின் அளவை மாற்ற வேண்டுமா? என்னுடையது சிறிய ஓடிஜி (மேலும் கீழும் சூடேறும் கம்பிகள் கொண்ட மின்) அடுப்பு. கீழ்க்கம்பியை மட்டும் இயக்கிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், வெப்பநிலையையும் நேரத்தையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.