மீன் தொட்டியில் கால் விட்டவர்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்

ஊர்சுற்றி
கம்போடியா, சியம் ரீப். பகல் முழுக்க அங்கோர்வாட்டின் படிகளில் ஏறி இறங்கி, இரவுச் சந்தையில் கால் கெஞ்சியது. பாதத்தின் செத்த தோலைக் கொறித்துத் தின்னும் மீன்களை விட்ட தெருவோரத் தொட்டி, இரண்டு டாலர், கூடவே ஒரு குளிர்பானம் இலவசம். முதல் நிமிடக் கூச்சமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரரின் குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் நீரில் கழன்றது. மெல்ல மிதந்து என் பக்கம் வந்தது. பின்னாலேயே ஐம்பது அறுபது மீன்கள். அவர் கவனிக்கவே இல்லை. எனக்கு இன்னும் சோற்றில் கை வைக்கும்போது அந்தப் பிளாஸ்டர் நினைவுக்கு வருகிறது.

பனித்துளி
மீன் என்ன பாவம் செய்தது? நான் ஜெர்மனியில் இருக்கிறேன். உடன் வேலை செய்யும் துருக்கிக்காரர், சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ள தன் அம்மாவோடு என்னையும் துருக்கியின் சிவாஸ் மாகாணத்துக் கங்கால் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனார். தண்ணீர் 35 டிகிரிக்கு மேல். அந்த வெந்நீரில் தீனி அதிகம் கிடைக்காததால்தான் மீன் தோலைத் தேடி வருகிறது. அந்த அம்மாள் கழுத்தளவு நீரில் கண்ணை மூடியிருந்தார், முதுகு முழுக்க மீன். தெருத் தொட்டியைப் பார்த்துவிட்டு மீனைத் திட்டாதீர்கள்.

சர்க்கரைக்கட்டி
நான் சென்னையில் ஒரு வணிக வளாகத்தில் பத்து நிமிடம் வைத்தேன், கூச்சம் தாங்காமல் எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் தயவுசெய்து இறங்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கீறல் விழுந்ததே தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2011-லேயே நீரிழிவுக்காரர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தவிர்க்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் தடையே போட்டிருக்கின்றன. தொட்டியைக் கழுவலாம், தண்ணீரை மாற்றலாம், மீனைக் கொதிக்க வைத்தா அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்? இன்னொன்று, இந்தத் தொட்டிகளில் வழக்கமாக விடும் காரா ரூபா மீனுக்குத் தாடையில் பல் கிடையாது, உறிஞ்சும், அவ்வளவே. சில இடங்களில் சின்சின் என்ற வேறு மீனை விடுகிறார்கள். அது வளர வளரப் பல் முளைத்து ரத்தம் பார்த்துவிடும். கொசுக்கடியைச் சொறிந்த காயம் இருந்தாலும் போகாதீர்கள். பனித்துளி, அது ஊற்று, ஓடுகிற நீர். அதையும் கடைத் தொட்டியையும் ஒரே தராசில் வைக்கலாமா?

படித்துறை
தாமிரபரணியில் இதற்குக் காசு கிடையாது. என் ஆச்சி துணி துவைத்துவிட்டு, பித்தவெடிப்புக் காலை நீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். மீன்கள் மொய்க்கும். "மெதுவாடா, வலிக்குது" என்று மீனோடு பேசுவார். போகும்போது கைப்பிடிப் பொரியைக் கூலியாகப் போட்டுவிட்டுத்தான் எழுவார். தடை, முகமை என்று ஒரு நாளும் கேள்விப்பட்டதில்லை.

சர்க்கரைக்கட்டி
ஆச்சிக்குச் சர்க்கரை இருந்ததா?

படித்துறை
இருந்தது. ஆனால் அவர் காலில் புண் வந்தது செருப்புக் கடித்து.

ஊர்சுற்றி
எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பிளாஸ்டர் என் பெருவிரலில் வந்து ஒட்டியதை நான் முதலில் சொல்லவில்லை. அதை எடுத்து அவரிடமே நீட்டினேன். நன்றி சொல்லி வாங்கி, திரும்பவும் அதே குதிகாலில் ஒட்டிக்கொண்டு காலை உள்ளே விட்டார்.