110 ஜிபி அழித்தும் மேக்கில் இடம் திரும்ப வரவில்லை, உதவுங்கள்

கேமராக்கண் (காலை 9.10)
வணக்கம் நண்பர்களே. கல்யாண வீடியோ எடுத்து எடிட் பண்றதுதான் என் தொழில். மேக்புக் ஏர், எம்1 சிப், 256 ஜிபி டிஸ்க், மேக்ஓஎஸ் சோனோமா. நேத்து சாயங்காலம், முடிஞ்ச ஒரு கல்யாணத்தோட ஒரிஜினல் கிளிப் எல்லாத்தையும் ரெண்டு வெளி ஹார்டு டிஸ்க்ல ஏத்தி, திறந்து பாத்துட்டு, மேக்ல இருந்து அழிச்சேன். சுமார் 110 ஜிபி. டிராஷும் காலி. ஃபைண்டர்ல 121 ஜிபி இருக்குன்னு காட்டுது. ஆனா அடுத்த கல்யாணத்தோட கார்டை இறக்கினா பாதியிலேயே இடம் இல்லைன்னு நின்னுடுது. ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன்ல ஓட்ட ஹைலைட்ஸ் கொடுக்கணும், பொண்ணு வீட்டுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்.

முருங்கைமரம் (9.25)
எடிட்டிங் லைப்ரரிக்குள்ள ரெண்டர் ஃபைல் (எடிட் ஆப் தானா உருவாக்குற தற்காலிக ஃபைல்) தேங்கியிருக்கும், அதை அழிச்சுப் பாருங்க.

கேமராக்கண் (9.31)
அதை முதல்லயே அழிச்சுட்டேங்க. 6 ஜிபிதான் கிடைச்சது.

வன்தட்டு (9.48)
டைம் மெஷின் (மேக்கின் தானியங்கி பேக்கப் வசதி) போட்டிருக்கிறீர்களா? டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து, காலியிடத்துக்குப் பக்கத்தில் பர்ஜபிள் (தேவைப்பட்டால் மேக்கே துடைத்துக்கொள்ளக்கூடிய இடம்) என்று எவ்வளவு காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

கேமராக்கண் (9.55)
போட்டிருக்கேன். போன வெள்ளிக்கிழமை பேக்கப் டிஸ்க்கைச் செருகினேன். காலி 121, அதுல பர்ஜபிள் 108.

வன்தட்டு (10.20)
அப்படியென்றால் உண்மையில் காலியாக இருப்பது 13 ஜிபிதான். மீதி 108-ஐ ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன.

டைம் மெஷின் வெளி டிஸ்க்கில் மட்டும் எழுதுவதில்லை. ஏறக்குறைய மணிக்கு ஒரு முறை மேக்குக்குள்ளேயே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து 24 மணி நேரம் வைத்திருக்கும். கடைசியாக முழுதாக முடிந்த பேக்கப்பின் ஸ்னாப்ஷாட்டை அதற்குப் பிறகும், இடம் தேவைப்படும்வரை விடாது. 2017-ல் மேக்ஓஎஸ் ஹை சியராவோடு ஏபிஎஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பு வந்ததிலிருந்து இப்படித்தான். ஸ்னாப்ஷாட் என்பது தனியாக ஒரு நகல் இல்லை. அந்த நேரத்தில் டிஸ்க்கில் இருந்த எதையும் மேலெழுத விடாத ஒரு பிடி. நீங்கள் ஃபைலை அழித்தாலும் வில்லங்கம் தீராத நிலம் மாதிரி அந்த இடம் அப்படியே நிற்கும். ஃபைண்டர் அதையும் காலி என்றே கணக்குக் காட்டுகிறது. இடம் நெருக்கும்போது மேக் தானாகத் துடைக்கத்தான் செய்யும், ஆனால் பெரிய கார்டை ஒரே மூச்சில் இறக்கும்போது அந்த வேகம் போதாமல் போய்விடுகிறது.

டிஸ்க் யுட்டிலிட்டியில் இடப்பக்கம் 'டேட்டா' என்று முடியும் வால்யூமைத் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) தேர்ந்தெடுங்கள். மேலே வியூ மெனுவில் ஷோ ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்ஸ். கீழே பட்டியல் வரும்.

கேமராக்கண் (10.41)
வந்துச்சு அண்ணா. 19 இருக்கு. ஆனா எல்லாமே 40 எம்பி, 200 எம்பின்னுதான் காட்டுது. கூட்டினா 3 ஜிபி கூடத் தேறாது!

வன்தட்டு (10.50)
அதைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள், பலர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறார்கள். அங்கே காட்டுவது அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான். உங்கள் கிளிப்புகளைப் பல ஸ்னாப்ஷாட்டுகள் சேர்ந்து பிடித்திருக்கின்றன. அதனால் எந்த ஒன்றின் கணக்கிலும் அது வராது. பிடித்திருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட்டும் போனால்தான் மொத்தமும் விடுபடும்.

மழைக்காகிதம் (10.58)
தம்பி, நீக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். கிளிப் மட்டும் இல்லாம, நேத்து இன்னிக்குத் தவறுதலா வேற எதையாவது அழிச்சிருக்கீங்களான்னு பாத்துக்கோங்க. பிராஜெக்ட் ஃபைல், ஆல்பம் டிசைன், எதுவா இருந்தாலும். வெளி டிஸ்க்ல ஏறாத ஃபைலை மீட்க ஸ்னாப்ஷாட்தான் வழி. இதே அவசரத்துல நான் ஒரு தடவை எல்லாத்தையும் நீக்கி, ஒரு நாள் முழுக்கச் செஞ்ச கலர் வேலையை இழந்தேன். முடிஞ்சா பேக்கப் டிஸ்க்கை இப்பவே செருகி ஒரு பேக்கப் ஓடவிட்டுட்டு அப்புறம் நீக்குங்க.

கேமராக்கண் (பகல் 12.35)
நல்லவேளை சொன்னீங்க அக்கா. பேக்கப் ஓடி முடிஞ்சது. அப்புறம் எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து மைனஸ் பட்டனை அழுத்தினேன். கடைசி ஒண்ணு போனதும் பர்ஜபிள் 2 ஜிபிக்கு இறங்கிடுச்சு. இப்ப கார்டு இறங்கிட்டு இருக்கு. இனிமே இது வராம இருக்க, கிளிப் ஃபோல்டரை டைம் மெஷின்ல விலக்கி வெச்சாப் போதுமா?

வன்தட்டு (12.50)
போதாது. விலக்குப் பட்டியல் வெளி டிஸ்க்குக்குப் போகும் பேக்கப்புக்குத்தான். ஸ்னாப்ஷாட் வால்யூம் முழுவதையும் சேர்த்துத்தான் எடுக்கும், ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டுவிட அதற்குத் தெரியாது. டிஸ்க் யுட்டிலிட்டியிலேயே அதே டிஸ்க்கில் 'வேலை' என்று இன்னொரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் சேர்த்து, அந்த வால்யூமையே டைம் மெஷினில் விலக்குங்கள். இடம் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும், பிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. கிளிப்பை அதில் இறக்கினால் அழித்தவுடன் இடம் வந்துவிடும். ஆனால் அங்கே இருப்பதற்கு டைம் மெஷின் காவல் கிடையாது. ரெண்டு வெளி டிஸ்க்கில் ஏற்றும்வரை கார்டை ஃபார்மேட் பண்ணாதீர்கள்.

கேமராக்கண் (மாலை 6.15)
வால்யூம் போட்டாச்சு. ரெண்டாவது கார்டும் இறங்கிடுச்சு, எடிட்ல உக்காந்துட்டேன். ரொம்ப நன்றி அண்ணா, அக்கா.