இத்தாலி, அக்டோபர் 1922: மன்னர் கையெழுத்துப் போட்டிருந்தால்?

வைகைக்கரையான்:
முசோலினி படை திரட்டிப் போய் ரோமைப் பிடித்தார் என்றுதான் பள்ளிப் பாடத்தில் படித்தோம். நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். 1922 அக்டோபர் 28 விடிவதற்குள் பிரதமர் ஃபாக்டாவின் அமைச்சரவை அவசரநிலை ஆணைக்கு முடிவெடுத்துவிட்டது. மாவட்டங்களுக்குத் தந்தி போய்விட்டது, ரோமில் சுவரொட்டியும் ஒட்டிவிட்டார்கள். ரோமுக்கு வெளியே சிவிடவெக்கியாவில் ரயிலை மறித்ததும், முசோலினியின் பாசிஸ்டுப் படையான கருஞ்சட்டைக்காரர்கள் மழையில் பசியோடு நின்றார்கள், பலரிடம் ஒழுங்கான துப்பாக்கிகூட இல்லை. முசோலினி அவர்களோடு இல்லவே இல்லை, மிலானில் இருந்தார். காலையில் ஃபாக்டா ஆணையை எடுத்துக்கொண்டு போனபோது மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒட்டிய சுவரொட்டிக்கு மதியத்துக்குள் மதிப்பில்லாமல் போனது. முசோலினி இரவு ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்து 30-ம் தேதி பிரதமரானார். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். என் கருத்தில் முழுப் பொறுப்பும் மன்னருக்கே.

செங்கல்சூளை:
அண்ணே, ரோமை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளிப் பக்கம் போய்ப் பாருங்கள். 1920 கடைசியிலிருந்தே ஃபெராரா, பொலோன்யா சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆட்சி யார் கையில் இருந்தது? ராத்திரியில் பாசிஸ்டுகளின் லாரி வரும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தைக் கொளுத்துவார்கள், சங்கத் தலைவரை வீட்டிலிருந்து இழுத்துப்போட்டு அடிப்பார்கள், வாயைத் திறந்து விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள். ஊர் பார்க்க அந்த மனிதன் அசிங்கப்பட வேண்டும், அதற்காகத்தான். பண்ணையார்கள் பணம் கொடுத்தார்கள், போலீஸ் பல இடங்களில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. 1921 மே தேர்தலில் அப்போதைய பிரதமர் ஜோலிட்டி, நாற்பது வருட அரசியல் அனுபவம் உள்ளவர், இந்தப் பாசிஸ்டுகளைத் தன் கூட்டணியில் சேர்த்து 35 இடம் வாங்கிக் கொடுத்தார். நாடாளுமன்றத்துக்குள் வந்தால் அடங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். மன்னர் மறுத்தது இதற்கெல்லாம் பிறகு வந்த கடைசிக் கட்டம்.

பழையபேப்பர்:
இரண்டு பேருமே இடதுசாரிகளைத் தொடாமல் போகிறீர்கள். 1919 நவம்பர் தேர்தலில் மொத்தம் 508 இடம். சோசலிஸ்டுகள் 156, ஸ்துர்சோ பாதிரியாரின் மக்கள் கட்சி 100. கூட்டிப் பாருங்கள், பெரும்பான்மை. பாசிஸ்டுகளுக்கு ஒரு இடம்கூட இல்லை, மிலானில் முசோலினி மண்ணைக் கவ்வினார். சோசலிஸ்டுகள் எந்த ஆட்சியிலும் சேர மாட்டோம், புரட்சி வரப்போகிறது என்றார்கள், ஆனால் அதற்கும் ஏற்பாடு செய்யவில்லை. 1921 ஜனவரியில் லிவோர்னோ மாநாட்டில் சோசலிஸ்டுக் கட்சி உடைந்தது. 1922 அக்டோபர் ஆரம்பத்தில், ரோம் பயணத்துக்கு நாலு வாரம்கூட இல்லாதபோது, அந்தக் கட்சியின் மூத்த தலைவர் துராத்தியையும் அவரோடு இருந்த மிதவாதிகளையும் வெளியே தள்ளினார்கள். வீடு எரியும்போது பாகப்பிரிவினை!

செங்கல்சூளை:
அடி வாங்கியவன்மேல் பழி போடாதீர்கள் ஐயா. ஆட்சியில் சேராதது பெரிய தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 256 பேர் ஒன்றாக உட்காரவே முடியாது. ஒரு பக்கம் மதத்தையே ஏற்காதவர்கள், இன்னொரு பக்கம் பாதிரியார் தொடங்கிய கட்சி. துராத்தி 1922 ஜூலையில் மன்னரையே போய்ப் பார்த்தார், அந்தக் காலத்து சோசலிஸ்டுக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் தெரியுமா? அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

தாமரைக்குளம்:
நீங்கள் எல்லோரும் 1922-லேயே நின்றுவிட்டீர்கள், எனக்கு அதுதான் வருத்தம். பிரதமரான அன்று முசோலினி சர்வாதிகாரி இல்லை, அவையில் அவர் கட்சிக்கு முப்பத்துச் சொச்சம் பேர்தான். ஆனாலும் நவம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பு 306-க்கு 116 என்று ஜெயித்தது. தாராளவாதிகளும் மக்கள் கட்சியும் ஓட்டுப் போட்டார்கள். முதல் நாள்தான் அவர் இந்த மண்டபத்தை என் படைக்குக் கூடாரமாக்கியிருக்க முடியும் என்று அவர்கள் முகத்துக்கு நேராகப் பேசியிருந்தார்! அடுத்த வருடம் அச்செர்போ சட்டம்: 25 சதவீத ஓட்டோடு முதலில் வரும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம். அதற்கும் தாராளவாதிகள் கை தூக்கினார்கள்.

1924 ஏப்ரல் தேர்தல் அடிதடியோடு முடிந்தது. மே 30-ல் சோசலிஸ்டு உறுப்பினர் மத்தேயோட்டி அவையில் எழுந்து, இந்தத் தேர்தல் செல்லாது என்று ஊர் ஊராக எடுத்துச் சொன்னார். கூச்சல், மேசைத் தட்டல், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தினார்கள், அவர் விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினார். பேசி முடித்து, இனி என் இரங்கல் உரையைத் தயார் செய்யுங்கள் என்று தோழர்களிடம் சொன்னதாகச் சொல்வார்கள். ஜூன் 10 மதியம் வீட்டிலிருந்து இறங்கி டைபர் ஆற்றங்கரையில் நடந்தார், பாசிஸ்டு அடியாட்கள் காரில் இழுத்துப்போட்டார்கள். ஆகஸ்ட் 16-ல்தான் உடல் கிடைத்தது. அந்த இரண்டு மாதத்தில் முசோலினி உண்மையிலேயே ஆடிப்போயிருந்தார். எதிர்க்கட்சிகள் அவையைவிட்டு வெளியேறி, மன்னர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தார்கள். செனட்டில் குரோச்சே மாதிரி ஒரு தத்துவ மேதையே அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். 1925 ஜனவரி 3-ல் முசோலினி எல்லாப் பொறுப்பும் எனக்கே என்று அவையில் சவால் விட்டபோது எதிரே பல இருக்கைகள் காலி.

வைகைக்கரையான்:
தங்கச்சி, நீங்கள் சொன்னதே என் பக்கம் சேர்கிறது. 1924-லும் அந்த மன்னருக்காகத்தான் காத்திருந்தார்கள். அதிகாரம் அவரிடம் இருந்தது, அதே அதிகாரத்தில் 1943 ஜூலை 25-ல் முசோலினியை நீக்கினாரே.

தாமரைக்குளம்:
நீக்கியபோது நேசப்படை சிசிலியில் இறங்கியாகிவிட்டது அண்ணா, முந்தின இரவு அவர் கட்சியின் உச்ச அமைப்பான பாசிஸ்டுப் பெருமன்றமே 19 பேர் ஓட்டோடு முசோலினியைக் கைவிட்டிருந்தது. தனியாக நிற்க வேண்டிய நாளில் மன்னர் ஒருமுறையும் நின்றதில்லை. அதனால்தான் காத்திருந்தவர்களிடம் எனக்குக் கோபம். மக்கள் கொதித்துப்போயிருந்த அந்த ஜூனில் ஒரு பொது வேலைநிறுத்தம் நடத்தலாம் என்று கம்யூனிஸ்டுத் தலைவர் கிராம்ஷி தரப்பு கேட்டது, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1926 நவம்பரில் கிராம்ஷியைச் சிறையில் போட்டபோது, வெளியேறியிருந்தவர்களின் பதவியும் அதே வாரம் பறிபோனது.