புகாண்டா இராச்சியத்தில் ராணி என்பது யார்?

முள்ளியவளை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் தரம் 9 படிக்கிறாள். ஏதாவது ஒரு வெளிநாட்டு அரச பரம்பரையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் இங்கிலாந்து, எகிப்து என்று எடுத்துவிட்டார்கள். என் தம்பி உகண்டாவின் தலைநகர் கம்பாலாவில் கடையொன்றில் வேலை செய்கிறான். அவன் அனுப்பிய கசூபி அரச சமாதிப் படங்களைப் பார்த்துவிட்டு, மகள் அந்த நாட்டில் உள்ள புகாண்டா இராச்சியத்தையே எடுத்துக்கொண்டாள். அரசனைக் கபாகா என்பார்கள், அது விளங்கியது. ராணி யார் என்று தேடினால்தான் குழப்பம். ஓரிடத்தில் தாய் என்கிறார்கள், இன்னோரிடத்தில் சகோதரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வவுனிக்குளத்தான்:
அரசனின் மனைவிதானே ராணி? அந்தக் காலத்தில் கபாகாவுக்குப் பல மனைவிமார். அவர்களில் மூத்தவருக்குக் கடுலுபாலே என்று பட்டமும் இருந்தது. அவரைச் சொல்லச் சொல்லுங்கோ.

மல்லாவி அக்கா:
இல்லைத் தம்பி, அப்படிச் சொன்னால் பிள்ளையின் பேச்சே பிழைத்துவிடும். நானும் என் வீட்டுக்காரரும் கம்பாலாவில் இருந்தோம், கசூபிக்குப் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே அரசனோடு சேர்த்து மூன்று பேருக்குக் கபாகா என்ற பட்டம். ஒருவர் அரசன். இரண்டாமவர் அவரைப் பெற்ற தாய், நமசோலே. மூன்றாமவர் லுபுகா. இவர் அரசனுக்குத் தகப்பன் வழிச் சகோதரி, ஆனால் வேறு தாய் வயிற்றில் பிறந்தவர். முடிசூடும்போது கூடவே இருப்பவர் லுபுகாதான், மனைவி அல்ல. மனைவிமாருக்கு மரியாதையும் பட்டங்களும் இருந்தன, ஆனால் ஆட்சியில் பங்கு பெற்றவர்கள் தாயும் சகோதரியும்தான்.

தாய்க்குத் தனி அரண்மனை. மகனுடைய மலையில் அவர் இருக்கக்கூடாது, இடையில் ஓர் ஓடையாவது ஓட வேண்டும். சொந்த நிலம், சொந்த அதிகாரிகள், தனியாக ஒரு கத்திக்கிரோ, அதாவது பிரதம மந்திரி. 1862இல் ஸ்பீக் என்ற ஆங்கிலேயர் அங்கே போனபோது முதலாம் முத்தேசா ஆட்சியில் இருந்தார். ஸ்பீக் அரசனிடம் மட்டும் போனால் தாய்க்குக் கோபம், தாயிடம் போய் அதிக நேரம் இருந்தால் மகனுக்குக் கோபம். தாய்க்கு வயிற்று நோவுக்கு மருந்தும் கொடுத்து, இரண்டு சபைக்கும் மாறி மாறி நடந்தார் மனுஷன். அந்தத் தாயின் பெயர் முகன்சிர்வாசா. 1882இல் அவர் இறந்தபோது மக்காய் என்ற மிஷனரி செம்பு வைத்துப் பெரிய சவப்பெட்டி செய்து கொடுத்தார். குழி நிறைய மரப்பட்டைத் துணியைக் கொட்டினார்கள்.

இவ்வளவு பெரிய இடம் தாய்க்கு ஏன் என்பதை மகள் கட்டாயம் சொல்ல வேண்டும். புகாண்டாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட குலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகமோ செடியோ அடையாளம். அரச குலம் என்று தனியாக ஒன்று கிடையாது. அரசனின் பிள்ளைகள் தாயின் குலத்தில் சேர்வார்கள். முதலாம் முத்தேசாவின் மகன் முவாங்கா தாய்வழியில் நீர்நாய்க் குலம். அவர் மகன் தாவுதி ச்வா மான் குலம். ச்வாவின் மகன் இரண்டாம் முத்தேசா பசுக் குலம். இப்போதைய கபாகா, 1993இல் முடிசூடிய இரண்டாம் முத்தேபி, குரங்குக் குலம். நான்கு தலைமுறைக்கு நான்கு குலம்! தங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அரசனைப் பெறக்கூடும் என்ற நம்பிக்கை எல்லாக் குலத்துக்கும் இருந்தது. அந்த நாடு பிரிந்து போகாமல் நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கசூபி. 1882இல் முதலாம் முத்தேசா கட்டிய அரண்மனை, 1884இல் அவர் இறந்ததும் சமாதியானது. நான்கு கபாகாக்கள் அங்கே இருக்கிறார்கள். முவாங்காவை ஆங்கிலேயர் பிடித்து சீஷெல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள், 1903இல் அங்கேயே இறந்தார், உடல் 1910இல்தான் ஊர் வந்தது. கூரையைப் பாருங்கோ, புல் கிட்டத்தட்ட நிலம் வரைக்கும் இறங்கும். உள்ளே அண்ணாந்தால் ஓலையால் முறுக்கிய வளையங்கள், மொத்தம் 52, குலங்களின் கணக்கு. எங்கள் பக்கம் கிடுகு வேய எந்த வீட்டு ஆளும் ஏறுவார். அங்கே ‘ங்கேயே’ என்ற ஒரு குலத்தார் மட்டும்தான் அந்தப் புல்லைத் தொடலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் இருந்தேன். பாய்க்கு அடியில் எலுமிச்சைப்புல் பரப்பியிருந்தார்கள், நல்ல வாசம். எதிரே மரப்பட்டைத் துணியில் ஒரு திரை, அதற்குப் பின்னால்தான் அரசர்கள். பக்கத்தில் வயதான பெண்கள், அரசர்களின் விதவைமார் முறையில் காவல் இருப்பவர்கள். 2010 மார்ச் 16 இரவு அந்த வீடு எரிந்தது. அந்த அம்மாமார் எங்கே போவார்கள் என்று அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

கல்லடி மருமகள்:
அக்கா, நான் மட்டக்களப்பில் பிறந்து கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் பக்கம் குடி தாய் வழியாகத்தான் வரும். அப்படியென்றால் அவர்களும் எங்களைப் போலத்தானா?

மல்லாவி அக்கா:
நல்ல கேள்வி. ஆனால் அப்படி இல்லை. உங்கள் ஊரில் எல்லாருக்கும் அந்த முறை. புகாண்டாவில் சாதாரண சனத்துக்குக் குலம் தகப்பன் வழி, அரச பிள்ளைகளுக்கு மட்டும்தான் தாய் வழி. பட்டம் தகப்பனிடமிருந்து, குலம் தாயிடமிருந்து.

முள்ளியவளை அம்மா:
அக்கா, மிக்க நன்றி. மகள் பக்கத்தில் இருந்து வாசித்துக்கொண்டே கேட்கிறாள்: நமசோலேக்கு இவ்வளவு அதிகாரம் என்றால், அவருக்குக் கட்டுப்பாடே இல்லையா? அவர் இறந்துபோனால் என்ன செய்வார்கள்?

மல்லாவி அக்கா:
கெட்டிக்காரி. கட்டுப்பாடு இருந்தது, கடுமையாகவே. அரசனின் தாய் மறுமணம் செய்யக்கூடாது. 1941இல் இரண்டாம் முத்தேசாவின் தாய் துருசில்லா நமகண்டா, தகப்பன் அரசன் இறந்த பிறகு, சாதாரண ஆள் ஒருவரைக் கட்ட விரும்பினார். நாடே கொதித்தது. அதற்கு ஆதரவாக நின்ற கத்திக்கிரோ இன்சிபிர்வா பதவி விலக வேண்டி வந்தது. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்காது. விதவை மறுபடி வாழ நினைத்தது ஒரு குற்றமா? மகள் இதைப் பேச்சில் சேர்த்தால் நான் சந்தோஷப்படுவேன்.

நமசோலே இறந்தால் அந்த இடம் காலியாக இராது. அவருடைய குலத்திலிருந்தே இன்னொரு பெண்ணை அமர்த்துவார்கள். பெற்றவர் போனாலும் கபாகாவுக்கு ஒரு நமசோலே இருக்க வேண்டும்.