எயார் ரைபிள்: பத்துச் சூட்டில் ஒன்று மட்டும் ஓடிப்போகிறது, எங்கே தேடுவது?

வெள்ளவத்தைப் பிள்ளை:
வணக்கம். கொழும்பில் ஒரு கழகத்தில் 10 மீட்டர் எயார் ரைபிள் பழகுகிறேன், நின்று சுடும் பிரிவு. இது மூன்றாவது வருடம். துப்பாக்கி கழகத்துடையது, காற்றுச் சிலிண்டர் பூட்டியது. பத்துச் சூட்டில் எட்டு, ஒன்பது 10.0க்கும் 10.6க்கும் இடையில் விழுகிறது (நட்ட நடுவில் பட்டால் 10.9 புள்ளி). ஒன்று மட்டும் 8.3, 8.5 என்று போய்விடுகிறது. விசை அழுத்தும்போது ஒரு பிழையும் தெரிவதில்லை, இலக்கின் கறுப்பு வட்டம் பார்வைக் கருவியின் வளையத்துக்கு நடுவில்தான் நிற்கிறது.

இரண்டு மாதமாக இப்படித்தான். அதற்கு முன் என் மோசமான சூடே 9.2 அளவில் நிற்கும். பெலட் (சின்ன ஈயக் குண்டு) டப்பா மாற்றினேன், குழலைத் துடைத்தேன், பலனில்லை. அடுத்த மாதம் தேர்வுப் போட்டி. இரவில் நித்திரை வருவதில்லை, உதவி செய்யுங்கள்.

ஐம்பது மீட்டர்:
தங்கச்சி, நான் 50 மீட்டரில் .22 (வெடிமருந்துத் துப்பாக்கி) சுடுகிறவன். எனக்கு இப்படி வந்தபோது குண்டுதான் காரணம். நொடிக்கு 330 மீட்டர் போகவேண்டிய குண்டின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தால் 50 மீட்டரில் ஏறக்குறைய 7 மி.மீ. கீழே விழும். அங்கே பத்துப் புள்ளி வளையத்தின் அகலமே 10.4 மி.மீ.தான், காற்றின் தொல்லை வேறு. உங்களுக்குக் காற்று இல்லை. ஆனால் பெலட்டின் பின்விளிம்பு நசிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஈயம் சும்மா விழுந்தாலே நெளியும். ரெகுலேட்டரையும் (சிலிண்டர்க் காற்றை ஒரே அழுத்தத்தில் விடும் பாகம்) சோதிக்கச் சொல்லுங்கள். அது கசிந்தால், நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுச் சுடும் முதல் சூடு வேகமாகப் போய் மேலே விழும்.

கொட்டாஞ்சேனை மூத்தவர்:
பிள்ளை, துப்பாக்கியைக் கழற்ற முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஓடிப்போன சூடு எந்தப் பக்கம் விழுகிறது? எத்தனையாவது சூடு அது? புள்ளி காட்டும் திரையைப் பார்க்க முன், "இது எங்கே விழுந்திருக்கும்" என்று மனதில் சொல்லிப் பார்க்கிறீர்களா?

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு கொப்பியில் 60 சூட்டுக்கும் முதலில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள், பிறகு திரையைப் பாருங்கள். "வலது" என்று எழுதியது வலதில் விழுந்தால் அது உங்கள் கை. "நல்ல பத்து" என்று எழுதியது 8.3இல் கிடந்தால்தான் வேறு காரணம் தேடவேண்டும்.

இன்னொன்று: துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்து, அதே டப்பாவிலிருந்து பத்து பெலட் சுடுங்கள். நல்ல போட்டித் துப்பாக்கி 6, 7 மி.மீ.க்குள் ஒரே ஓட்டையாக்கும்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
நன்றி ஐயா. நேற்று 60 சுட்டேன், நடுவில் நான்கு தரம் இளைப்பாறினேன். மணல் மூட்டையில் பத்தும் ஒரே ஓட்டை, கோச் கூட ஆச்சரியப்பட்டார். நின்று சுட்டதில் நான்கு ஓடிப்போயின. மூன்று நேர் மேலே, மூன்றும் இளைப்பாறிவிட்டுத் தூக்கிய முதல் சூடு! மூன்றுக்கும் நான் "பத்து" என்றுதான் எழுதியிருந்தேன். நாலாவது இடது, அதை இடது என்றே எழுதினேன். அப்படியென்றால் ரெகுலேட்டர்தானே?

ஐம்பது மீட்டர்:
நான் சொன்னேனே! முதல் சூடு, மேலே. அச்சொட்டாகப் பொருந்துகிறது.

கொட்டாஞ்சேனை மூத்தவர்:
தம்பி, திசை பொருந்துகிறது, அளவு பொருந்தவில்லை. கணக்குப் போடுவோம். பெலட் நொடிக்கு 175 மீட்டர் அளவில் போகிறது, 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தில் 16 மி.மீ. சொச்சம் இறங்கும். ரெகுலேட்டர் கசிந்து வேகம் 5 வீதம் கூடினாலும் குண்டு ஒன்றரை மி.மீ.தான் உயரும். இந்த இலக்கில் ஒரு புள்ளிக்கு 2.5 மி.மீ., ஆகவே 10.3 சூடு 9.7 ஆகும், அவ்வளவுதான். 8.3 என்றால் மையத்திலிருந்து 6.5 மி.மீ.க்கு மேல். அதைத் தனியே சிலிண்டர்க் காற்று செய்யாது. பார்வைக் கருவியின் ஆணி தளர்ந்திருந்தாலும் இப்படி இராது, அப்போது இரண்டு கூட்டமாகப் பிரியும் அல்லது முழுக் கூட்டமும் நகரும். மணல் மூட்டையும் துப்பாக்கியில் பிழையில்லை என்றுதான் சொல்கிறது.

பிள்ளை, இரண்டு மாதத்துக்கு முன் ஏதாவது புதிதாக வாங்கினீர்களா? ஜக்கெட், கையுறை, சப்பாத்து?

வெள்ளவத்தைப் பிள்ளை:
ஐயோ, ஜக்கெட்! மார்ச்சில் புது ஜக்கெட் எடுத்தேன். பழையது தோளில் தொய்ந்துவிட்டது. இது பலகை மாதிரி விறைப்பு.

கொட்டாஞ்சேனை மூத்தவர்:
அதைத்தான் நினைத்தேன். விறைத்த துணியில் துப்பாக்கியின் பின்தகடு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காராது. இளைப்பாறிவிட்டுத் தூக்கும்போது தோளில் சற்றுக் கீழே உட்கார்ந்தால் குழல் தானாக மேலே பார்க்கும். நீங்கள் அறியாமலே தசையால் அதை அழுத்திக் கறுப்பின் நடுவுக்குக் கொண்டுவருகிறீர்கள். கண்ணுக்கு எல்லாம் சரி. விசை விடுபடும் கணத்தில் உடம்பு தளர்கிறது, குழல் தன் இடத்துக்குத் திரும்புகிறது, குண்டு மேலே. நீங்கள் உண்மையாகவே "பத்து" என்று எழுதியது இதனால்தான். பார்வையில் பிழை இருக்கவில்லை பிள்ளை, அதை உங்கள் பலம் மறைத்துக்கொண்டிருந்தது.

தோளில் வைத்த பிறகு கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டுத் தளருங்கள். கண் திறந்ததும் வளையம் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பின் குறி. மேலே நின்றால் அழுத்தாதீர்கள், இறக்கித் தோளில் மறுபடி வையுங்கள். பிறகு பெலட் இல்லாமல் இரண்டு தரம் விசை அழுத்தி, வளையம் துள்ளுகிறதா என்று பாருங்கள். விசைக்குப் பிறகும் இரண்டு நொடி பார்வையை எடுக்கவே கூடாது. ஜக்கெட்டில் பின்தகடு சரியாக உட்காரும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பழகியதும் அழித்துவிடலாம்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். முதல் நாள் கண்ணைத் திறந்தபோது வளையம் கறுப்புக்கு முழுசாக மேலே நின்றது, நெஞ்சு திக்கென்றது. இத்தனை நாள் அதைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறேன்! கோடு போட்டேன். இன்று இளைப்பாறிய பிறகு சுட்ட நான்கு முதல் சூடும் 10.3, 9.9, 10.1, 10.4. நடுவில் ஒரு 9.1, இடது பக்கம். திரையைப் பார்க்க முன்பே கொப்பியில் இடது என்று எழுதிவிட்டேன்.