லவுஸிட்ஸ் சுரங்க ஏரிகள்: வேலியை எடுக்கலாமா, வேண்டாமா?

பெர்லின்வாசி:
போன வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஸென்ஃப்டன்பெர்க் ஏரிக்குப் போய் வந்தேன். பெர்லினுக்கும் டிரெஸ்டனுக்கும் நடுவே, லவுஸிட்ஸ் பகுதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டிய குழி. 1967-ல் நீர் விட ஆரம்பித்து, 1973-ல் குளிக்கத் திறந்துவிட்டார்கள். சுமார் 13 சதுர கிலோமீட்டர். வெள்ளை மணல், கால் வைத்தால் தரை தெரிகிற தண்ணீர், ஏரியைச் சுற்றி சைக்கிள் பாதை. என் மகள் கரையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

மறுநாள் பக்கத்து ஏரிகளைப் பார்க்க சைக்கிளில் கிளம்பினோம். அங்கேதான் எரிச்சல். போகிற வழியெல்லாம் மஞ்சள் பலகை: உள்ளே போகாதே, உயிருக்கு ஆபத்து. நிலக்கரி எடுத்து முடித்து எத்தனை வருடம் ஆகிறது! தண்ணீர் வந்துவிட்டது, மரம் வளர்ந்துவிட்டது. இன்னும் ஏன் வேலி? கொஞ்சம் கொஞ்சமாகவாவது திறந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மண் படிப்பவன்:
நான் கோட்புஸில் மண் பொறியியல் படிக்கிறேன். திறக்கக் கூடாது என்பது என் பக்கம்.

நீங்கள் நின்றது தோண்டாத கரை. பலகை இருக்கும் இடமோ பெரும்பாலும் கொட்டிய மண். நிலக்கரிக்கு மேலே இருந்த மணலை எடுத்து, பின்பக்கம் உயரத்திலிருந்து கொட்டிக்கொண்டே போனார்கள். யாரும் அதை அழுத்தவில்லை. சுரங்கம் ஓடியவரை மோட்டார் போட்டு நிலத்தடி நீரை இறக்கி வைத்திருந்ததால் அந்த மணல் காய்ந்து நின்றது. மோட்டாரை நிறுத்தியதும் நீர் கீழிருந்து ஏறுகிறது. நீர் ஊறிய தளர்ந்த மணல் எந்த நேரமும் கூழாகலாம். மேலே புல்லும் பைன் மரமும் இருப்பதால் உள்ளே உறுதி என்று அர்த்தமில்லை.

மகளின் மணல் வாளியை எடுங்கள். காய்ந்த மணலை அழுத்தாமல் தூவி நிரப்புங்கள். ஓரமாக ஒரு குழாயைச் செருகி, அடியிலிருந்து மெல்ல நீர் ஏறவிடுங்கள். மேலே ஒரு கல்லை வையுங்கள். நிற்கும். வாளியின் பக்கவாட்டில் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். கல் உள்ளே போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

2010 அக்டோபரில் ஸ்ப்ரேடால் பக்கம் பெர்கன் ஊருக்கு அருகே இதேதான் பெரிய அளவில் நடந்தது. சமதரையாகத் தெரிந்த நிலம் இளகி ஓடி, மேய்ந்துகொண்டிருந்த செம்மறி ஆடுகளையும் வேலைக்கு வந்த லாரிகளையும் விழுங்கியது. அதற்குப் பிறகுதான் நீங்கள் பார்த்த வேலிகளில் பலவும் வந்தன.

பெர்லின்வாசி:
விளக்கத்துக்கு நன்றி சகோ. ஆனால் அங்கே வாழ்கிற மக்களையும் பாருங்கள். கிழக்கு ஜெர்மனி இணைந்த பிறகு சுரங்க வேலை சரிந்து, இளைஞர்கள் ஊரை விட்டுப் போனார்கள். ஏரி வரும், அதோடு பிழைப்பும் வரும் என்று சொல்லித்தான் அவர்களைக் காக்க வைத்திருக்கிறார்கள். குரோஸ்ரேஷன் ஊரில் பழைய சுரங்க இயந்திரத்தின் கையையே படகுத்துறைப் பாலமாக நிறுத்தினார்கள். அப்போது கீழே ஏரி இல்லை, வெறும் குழி. 2007-ல்தான் நீர் விடவே தொடங்கினார்கள். சீரமைப்புக்கு இதுவரை ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல் அரசு செலவழித்திருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் "காத்திருங்கள்" என்றால் அந்த ஊர்க்காரர் என்ன செய்வார்?

துடுப்பு (லைப்ஸிக்):
நான் நடுவில் வருகிறேன். லைப்ஸிக்கின் தெற்கே உள்ள சுரங்க ஏரிகளில் பல வருடமாகக் கயாக் ஓட்டுகிறேன். 2000-ல் கோஸ்புடன் ஏரி திறந்தது நகரத்துக்கே ஒரு கடற்கரை கிடைத்த மாதிரி. கோடை மாலையில் டிராமும் சைக்கிளுமாக ஆபீஸிலிருந்து நேரே தண்ணீருக்குப் போகிறார்கள். அந்தச் சந்தோஷத்தை யாரும் சின்னதாகப் பேச வேண்டாம்.

ஆனால் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். மார்க்ளேபெர்க் ஏரியையும் ஸ்டெர்ம்தால் ஏரியையும் இணைக்கும் கால்வாயில், மதகுக் கதவு மூடி நீர்மட்டம் ஏறும்வரை படகில் உட்கார்ந்திருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். 2021 மார்ச்சில் மண்ணின் உறுதி பற்றிய பயத்தால் மூடிவிட்டார்கள். இப்போது ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கயாக்கைத் தரைவழியாகத்தான் கொண்டு போகிறேன். கோபம் வருகிறது. ஆனாலும் மூடியது சரி என்றுதான் சொல்வேன்.

ஸ்டெர்ம்தால் ஏரியில் தேவாலயக் கோபுரம் போல ஒன்று மிதக்கிறது, வினேட்டா என்று பெயர். சுரங்கத்துக்காக இடித்துத் தள்ளிய மாக்டபோர்ன் ஊரின் நினைவாக வைத்தது. அதன் பக்கமாகத் துடுப்புப் போடும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன். லவுஸிட்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படிப் போயின. அவற்றில் பல, ஸோர்பிய மொழி (அங்குள்ள சிறுபான்மையினரின் ஸ்லாவிய மொழி) பேசியவர்களின் ஊர்கள். குளிக்கப் போகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு போகலாம்.

நெய்வேலிக்காரன்:
நிலக்கரிச் சுரங்க (மைன்ஸ்) ஊரில் பிறந்தவன் என்பதால் எழுதுகிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த, சக்கரத்தில் வாளிகள் கோத்து மண்ணைத் தோண்டும் பக்கெட் வீல் இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊற்று நீர் உண்டு. ராப்பகலாக மோட்டார் ஓடி அதை இறக்கினால்தான் கரி எடுக்க முடியும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அதனால்தான் ஜெர்மனியின் நாக்டர்ஸ்டெட் ஊரிலிருந்து வந்த செய்தி என்னை உலுக்கியது. 2009 ஜூலை 18, விடியற்காலை. அங்கே பழைய சுரங்கக் குழியில் உருவான கான்கார்டியா ஏரியின் கரை வீடுகளோடு சேர்ந்து சரிந்து நீருக்குள் போனது. தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் போய்விட்டார்கள். ஆய்வில் முக்கியக் காரணமாகச் சொன்னது நிலத்தடியில் அடைபட்டிருந்த நீரின் அழுத்தம். அந்த ஏரியும் அப்போது சுற்றுலாத் தலமாக வளர்ந்துகொண்டிருந்தது. பத்து வருடம் கழித்து 2019-ல்தான் ஒரு பகுதியை மறுபடி திறந்தார்கள். பெர்லின்வாசி அண்ணே, பிழைப்பு பற்றி நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்கள் ஊரும் மைன்ஸை நம்பிய ஊர்தான். ஆனாலும் அந்த மூன்று பேரை நினைத்தால் வேலியை எடு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்ப்ரே கரை:
எல்லோரும் மண்ணையே பேசுகிறீர்கள், தண்ணீர்? அந்த மண்ணில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டு அமிலத்தையும் இரும்பையும் விடுகிறது. சில ஏரிகளின் நீர் பச்சை நீலமாக மின்னுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், புளிப்பேறிய நீரும் அப்படித்தான் தெளிவாக இருக்கும். அதனால்தான் கப்பலில் சுண்ணாம்பு கொண்டு போய்க் கரைக்கிறார்கள். இரும்பு ஆற்றில் கலந்தால் ஸ்ப்ரே காவி நிறமாகிறது. ஓர் ஓடையில் நான் கையை விட்டேன். கல்லின் மேல் ஆரஞ்சு நிறச் சேறு ஒரு விரல் கனத்துக்கு, வழவழவென்று. அந்த ஆறு பெர்லினுக்குக் குடிநீர் தருகிறது. கோட்புஸ் கிழக்கு ஏரிக்கு 2019-ல் அதே ஆற்று நீரைத்தான் விடத் தொடங்கினார்கள். சுமார் 19 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு வெயிலில் ஆவியாகாதா? இன்னும் ஏரி வேண்டும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மண் படிப்பவன்:
அந்தப் பயம் நியாயமானது. ஆனால் குழியை அப்படியே விட்டாலும் நிலத்தடி நீர் ஏறித்தான் ஆகும், புளிப்பு இன்னும் கூடும். ஆற்று நீரை விட்டு வேகமாக நிரப்புவது அமிலத்தை அடக்கவும் கரையைத் தாங்கவும்தான். சுற்றுலா அதற்கு அப்புறம் வந்தது.

பெர்லின்வாசி அண்ணே, உங்கள் ஸென்ஃப்டன்பெர்க் ஏரிக்கே வருகிறேன். நடுவில் ஒரு தீவு இருக்கிறதே, அது கொட்டிய மண். 2018 செப்டம்பரில் அதன் கரை சரிந்தது. ஏரி திறந்து 45 வருடம் ஆன பிறகு! தீவில் யாரையும் விடாததால்தான் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பெர்லின்வாசி:
நேற்று வாளியில் செய்து பார்த்தோம். மகள் கல்லுக்குப் பதிலாகத் தன் பிளாஸ்டிக் பசுவை நிறுத்தினாள். அது லேசு, பாதி புதைந்து நின்றுவிட்டது. அடுத்து ஒரு கூழாங்கல்லை வைத்தாள். இரண்டாவது தட்டிலேயே காணோம். அவள் முகம் மாறிவிட்டது, என் முகமும்தான்.

வேலியை எடுங்கள் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன். அந்தப் பலகையில் "உயிருக்கு ஆபத்து" என்று மட்டும் இருக்கிறது. ஏன் ஆபத்து, மண்ணை எப்போது அதிர்வு கொடுத்து இறுக்கப் போகிறார்கள், எந்த வருடம் திறக்கும் என்பதையும் அதே பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆகஸ்டில் மறுபடி போகிறோம். துடுப்பு அக்கா, எட்டு வயதுப் பெண்ணுக்குக் கயாக் கற்றுக்கொடுக்க கோஸ்புடன் ஏரி சரிவருமா?

துடுப்பு (லைப்ஸிக்):
வரும். காலையில் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் சின்னப் பிள்ளைக்குக் கை வலிக்கும்.