இருளர் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. கோத்தகிரிக்குக் கீழே ஒரு மலைக்கிராமத் தொடக்கப்பள்ளியில் இந்த மாதம்தான் சேர்ந்தேன். ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, நான் ஒருத்திதான். மதுரைக்காரியான எனக்கு ஏற்றம்கூடப் பழகிவிடும், பேச்சுதான் சிக்கல். பிள்ளைகள் வீட்டில் பேசுவது இருளர் மொழி. ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள். மணி அடித்ததும் வாசலில் நின்று பொரிந்து தள்ளுகிறாள்!

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள், சரி. மூன்று நிலைக்கும் ஒரே ஆள் எப்படி வேலை கொடுப்பது? பெரிய பிள்ளைகளைச் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தால் அவர்கள் பாடம் கெடுமா? கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், இருளர் பாட்டு, கதை ஒலிப்பதிவு இருந்தால் அனுப்புங்கள். இங்கே சிக்னல் பேருந்து நிறுத்தத்தில்தான் கிடைக்கும், பதில் தாமதமானால் கோபிக்காதீர்கள்.